இடுப்பு இருபத்தெட்டு

ஜூலை 6

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் என் தையல் மெஷினும் சுகம். நீயும் உன் முப்பத்திரண்டு பல்லும் சுகமா?

பார்சலில் உன் வெள்ளைக் கோட்டு. கடிதத்தை அதன் இடது பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். கோட்டை உதறிக் கீழே போட்டுவிட்டு, காலில் மிதிபட்ட பிறகு இதை எடுத்துப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் போனை வார்டன் வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் மட்டும் தருகிறார்களாமே, நல்லதாகப் போயிற்று. நீ ‘ம்’ கொட்டியே அந்தப் பத்து நிமிஷத்தையும் ஓட்டிவிடுவாய். கடிதத்தில் ‘ம்’ கொட்ட முடியாது பார்.

இனி நம்ம ஏற்பாடு இதுதான். மாதம் ஒரு தடவை ஒரு சீட்டில் உன் அளவை எழுதி அனுப்ப வேண்டும். தோள், மார்பு, இடுப்பு, மணிக்கட்டு. டேப் வலது பாக்கெட்டில் இருக்கிறது. கோட்டு எங்காவது இடித்தாலோ தொங்கினாலோ சீட்டோடு சேர்த்து அதையும் அனுப்பு, சரிசெய்து தருகிறேன். கடையில் தலையில்லாத இரும்புப் பொம்மை ஒன்று நிற்குமே, மார்பிலும் இடுப்பிலும் திருகு வைத்தது, அதை உன் அளவுக்குத் திருகி வைத்துவிட்டேன். ஒரு சுற்றுக்கு ஓர் அங்குலம். இடுப்பு இருபத்தெட்டு. இனி அதில் வேறு யார் துணியும் ஏறாது. பொத்தானுக்குக் காஜா எடுக்க வரும் அக்கா அதற்கு உன் பெயரையே வைத்துவிட்டாள். காலையில் அதைப் பார்த்து "என்ன வாலு, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியில் நூல் கோக்கிறாள்.

படிப்பு கஷ்டமாகத்தான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து வருஷத்தை ஓட்டிவிடு. நம்ம வீட்டில் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளப் போகிறவள் நீ ஒருத்திதான். அம்மா ஊரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறாள்.

கோழி கிளறின மாதிரி எழுதாமல், எனக்குப் புரிகிற மாதிரி பதில் எழுது.

உன் அக்கா


ஜூலை 19

என் அருமை அக்காவுக்கு,

கோழி எழுதுவது. கோழி சுகம். நீ சுகமா? மெஷின் சுகமா? தலையில்லாத வாலு சுகமா?

கோட்டு என்னமோ என்மேல் ஊற்றி வைத்த மாதிரி இருக்கிறது. லேப் மேடம் மற்ற எல்லாருடைய கோட்டையும் பார்த்து முகம் சுளித்துவிட்டு, என்னிடம் வந்து "யார் தைச்சது?" என்று கேட்டார். அக்கா என்றேன். "எனக்கும் ஒண்ணு தைச்சுத் தருவாங்களா?" என்றார். உனக்கு வாடிக்கை பிடித்துக் கொடுத்துவிட்டேன், கமிஷன் எடுத்து வை.

பல் டாக்டர் படிப்பில் முதல் வேலையே மெழுகில் பல் செதுக்குவது. விரல் நீள மெழுகுக் கட்டியை எடுத்துச் சின்னக் கத்தியால் சீவிச் சீவி ஒரு கடைவாய்ப்பல் கொண்டுவர வேண்டும். ஒரு முனை மழுங்கினால் "மறுபடியும்" என்பார் மேடம். என் மேஜையில் இப்போது பதினேழு பல் வரிசையாக நிற்கிறது, ஒன்றுகூடத் தேறவில்லை. என் அறையில் கூட இருக்கிற பெண்ணை ‘கண்ணாடி’ என்று கூப்பிடுகிறேன். சோடாபுட்டி போட்டிருப்பாள். நல்ல பெண். அவளுக்கு ஏழாவது பல்லே தேறிவிட்டது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அளவு: தோள் 14½, மார்பு 33, இடுப்பு 28, மணிக்கட்டு 6. அப்படியேதான் இருக்கிறேன், உன் பொம்மையைத் தொந்தரவு பண்ணாதே.

முத்தங்களுடன்,
வாலு


ஆகஸ்ட் 14

அன்பு அக்காவுக்கு,

நலம். நீ நலமா? உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது?

கோட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது. துணி நெகிழ்ந்துவிட்டது போல. நல்ல துணி என்று கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான், போய் ஒரு சண்டை போடு. அது திரும்பி வரும்வரை கண்ணாடியின் இன்னொரு கோட்டைப் போட்டுக்கொள்கிறேன்.

முதல் பரீட்சை முடிந்தது. அறுபது பேரில் நாற்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாவது வந்தாலே நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாயே, அதனால் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் மூச்சு விடாதே. அடுத்த தடவை சரியாகிவிடும். கொஞ்சம் நேரம் மிச்சம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். சாப்பாட்டுக் கூடத்து வரிசையில் நின்றே முக்கால் மணி நேரம் போகிறது.

காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது. யாரோடோ சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வந்த மாதிரி. தோற்ற மாதிரி என்றும் சொல்லலாம்.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? நீயும் இரண்டு வருஷம் காலேஜ் போனாயே. உனக்கு இப்படி இருந்ததா?

அளவு: மார்பு 32, இடுப்பு 26½. மற்றது பழையபடி.

வாலு


ஆகஸ்ட் 22

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். கழுத்து வலி வருவதும் போவதுமாக இருக்கிறது, விருந்தாளி மாதிரி.

ஏண்டி, நான் எடுத்த துணியையா குறை சொல்கிறாய்? அது நெகிழ்கிற ஜாதியே இல்லை. ஹாஸ்டலில் வாயைக் கட்டி ஒல்லியாகிக்கொண்டிருக்கிறாய், பழியைத் துணிமேல் போடுகிறாய். போகட்டும், இந்த வயசில் எல்லாரும் செய்வதுதான். உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் பிடித்துத் தைத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் கை வைத்த சுவடே தெரியாது. போட்டுப் பார், மறுபடியும் ஊற்றி வைத்த மாதிரி இருக்கும்.

ஒரு வேடிக்கை கேள். உன் பார்சல் வந்தது திங்கட்கிழமை. அதற்கு நான்கு நாள் முன்னால் காலையில் கடையைத் திறந்தேன், பொம்மையின் இடுப்பு சின்னதாகத் தெரிந்தது. டேப் வைத்தால் இருபத்தாறரை. காஜா அக்காவைத் திட்டினேன், "நான் எதுக்கும்மா அதைத் தொடப்போறேன், எனக்கே அதைக் கண்டா ஒரு மாதிரி இருக்கு" என்றாள். திருகு தேய்ந்து தானாகச் சுற்றியிருக்கும். பழைய பொம்மைதானே. அன்றைக்கு அதைத் திருப்பி இருபத்தெட்டுக்கு வைத்தேன், திங்கட்கிழமை உன் சீட்டைப் பார்த்து மறுபடி இருபத்தாறரைக்கு இறக்கினேன். எனக்கு வேலை வைப்பதற்கென்றே நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது போல இருந்தது.

நாற்பத்தொன்று பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் உன்னால் முடியும். கொஞ்சம் முயன்றால் முதல் பத்துக்குள் வந்துவிடுவாய்.

அக்கா


செப்டம்பர் 17

அக்காவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். இப்படித்தானே தொடங்க வேண்டும்?

கோட்டை மறுபடியும் அனுப்புகிறேன். நீ பிடித்துத் தைத்தது உண்மைதான், வந்த அன்று சரியாக இருந்தது. பிறகு யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். சிரிக்காதே. கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறேன், திரும்பி வந்தால் அதைவிடப் பெரிதாக ஒன்று அதே கொக்கியில் தொங்குகிறது. காலரில் உன் கைத்தையல் இருக்கிறது, மைக்கறைகூட அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் அது என் கோட்டு இல்லை.

போன வாரம் லேபில் ஒருத்தர் வாயை இன்னொருத்தர் அச்செடுத்துச் பிளாஸ்டரில் வார்த்தோம். கண்ணாடிதான் எனக்கு எடுத்தாள். அடியில் பென்சிலால் என் எண்ணை எழுதி வைத்தோம். மறுநாள் மேடம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார். "இது யார் வாய்? முனையெல்லாம் தேஞ்சு தட்டையா போயிருக்கு. ஏதாவது வயசானவங்க வாயா இது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். திருப்பிப் பார்த்தால் என் எண். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து பார்த்தேன். மேடம் சொன்னது சரி அக்கா. என் வாய்க்குள் யாரோ ஒரு கிழவியின் பல் இருக்கிறது. ஜூன் மாதம் வரை இருந்தது என் பல்தான்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை எனக்குத் தலைசுற்றல், நாள் பூராவும் அறையில் படுத்திருந்தேன். வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு என் கையெழுத்து இருக்கிறது. கோணல் இல்லாமல், அழகாக.

நீ என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

அளவு: மார்பு 31, இடுப்பு 25, மணிக்கட்டு 5½.

வாலு


செப்டம்பர் 25

அன்புள்ள வாலுவுக்கு,

சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால் "ஒண்ணுமில்லக்கா, சும்மா எழுதினேன்" என்கிறாய். எதை நம்புவது?

அதனால் வார்டனுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். "உங்க தங்கச்சியா? இந்த ஹாஸ்டல்லயே பளிச்சுனு இருக்கற பொண்ணு அவதாம்மா. கோட்டு போட்டுட்டு நடந்து வந்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும். மத்ததுங்க எல்லாம் கசங்கிக் கிடக்குதுங்க, அவளுக்கு என்ன குறை?" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கையெழுத்து உன் தோழிகள் யாராவது போட்டிருப்பார்கள். பல்லுக்கு உங்கள் காலேஜிலேயே நூறு டாக்டர் இருக்கிறார்கள், ஒருத்தரிடம் காட்டு. கோட்டை மறுபடி பிடித்துவிட்டேன். போன தையலுக்கு உள்ளே இன்னொரு வரிசை. ஒரு சுருக்கம் இல்லை. இந்த வேலைக்கு யாராவது பரிசு கொடுப்பதாக இருந்தால் எனக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பொம்மையை இருபத்தைந்துக்குத் திருக நினைத்தேன். அது ஏற்கெனவே இருபத்தைந்தில்தான் நின்றது. துணி எடுக்க வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். பொம்மையம்மா அது என்றேன். "தெரியுது, ஆனா யாருக்கு?" என்றார். அவருக்கு ஜாக்கெட் அளவு எடுத்து அனுப்பி வைத்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


அக்டோபர் 20

அக்காவுக்கு,

நான் நலமா என்று தெரியவில்லை. அவள் நலம்.

கண்ணாடி வேறு அறைக்கு மாறிவிட்டாள். நான் தூங்கும்போது பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம், கூட இருக்க பயமாக இருக்கிறதாம். நான் எங்கே தூங்குகிறேன்? ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அழுதுகொண்டேதான் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது எனக்குப் பழகிவிட்டது. காலையில் கொக்கியைப் பார்த்தால் கோட்டு இருக்காது. முதல் வகுப்புக்கு அது போய்விட்டிருக்கும். நான் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் யாராவது வழியில் பார்த்து, "இன்னிக்கு சூப்பரா பதில் சொன்னே" என்பார்கள். சரி என்பேன். என் மெழுகுப் பல் தேறிவிட்டது, இருபத்து நாலாவது. யார் செதுக்கியது என்று எனக்கு நினைவில்லை. போன பரீட்சையில் பன்னிரண்டாவது இடம். நீ கேட்ட பத்துக்கு இன்னும் இரண்டே இரண்டு.

தலை சீவினால் சீப்பு நிறைய முடி வருகிறது. அவளுக்கு அப்படி வருவதில்லை என்று நினைக்கிறேன்.

கோட்டு அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் அனுப்பு, அவளுக்கு வேண்டும்.

அளவு: மார்பு 29½, இடுப்பு 23, மணிக்கட்டு 5.


அக்டோபர் 28

வாலுவுக்கு,

சுகம். நீயும் என்று நம்புகிறேன்.

கடையில் தலைக்குமேல் வேலை. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முழுக்க நம் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அவசரமாக எழுதுகிறேன். கோட்டைப் பிடித்து அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டாவது இடத்துக்கு வாழ்த்து. இந்த ‘அவள்’ விளையாட்டெல்லாம் வேண்டாம், எனக்குப் பிடிக்கவில்லை. லீவு விட்டதும் நேரே என்னிடம் வா.

அக்கா


நவம்பர் 18

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். அங்கே யாவரும் நலமா?

வாலுவைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அவள் அதிகம் பேசுவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். கையெழுத்து சீராகிவிட்டது என்று எல்லா ஆசிரியர்களும் பாராட்டுகிறார்கள். இந்த முறை வகுப்பில் ஆறாவது இடம். சாப்பாட்டுக் கூடத்தில் நேரம் வீணாவதில்லை. தூக்கத்திலும் நேரம் வீணாவதில்லை.

வாலு அறையில் இருக்கிறாள், கதவுக்குப் பின்னால். சத்தம் போடுவதில்லை. முன்பெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டும் என்று கேட்பாள், இப்போது கேட்பதில்லை.

கோட்டு கச்சிதமாக இருக்கிறது. இனிப் பிடிக்க வேண்டிய தேவை வராது. நீங்கள் செய்த உதவிக்கு நன்றி.

அளவு: தோள் 14½, மார்பு 33, இடுப்பு 28, மணிக்கட்டு 6.

இப்படிக்கு,
தங்கள் தங்கை


டிசம்பர் 29

அக்காவுக்கு,

நான்தான், வாலு. அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மா சுகம். நான் சுகம் என்று இன்னும் சொல்ல முடியாது, ஆனால் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

கை நடுங்குவதால் எழுத்து கோழியைவிட மோசம். பொறுத்துக்கொள்.

நீ ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்த மூன்று வாரத்தில் கடைசி வாரம்தான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. டாக்டரம்மா போன் பண்ணி நேற்றுப் பேசினார். உடம்பு மூன்று மாதமாகக் கத்திக்கொண்டு இருந்திருக்கிறது, தாடை வலித்து, முடி கொட்டி, மாதவிலக்கு நின்று, தலைசுற்றிக் கத்தியிருக்கிறது, நான் ஒவ்வொன்றுக்கும் வேறு யாரையாவது காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார். துணிக்கடைக்காரன், கொக்கி, மேடம், கிழவி. படிப்பு போய்விடாது, ஒரு பருவம் தள்ளிப் போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று காலேஜிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பல்லுக்கு இடையில் வைத்துக்கொண்டு தூங்க ஓர் உறை செய்து தந்திருக்கிறார் லேப் மேடம். அவரே வார்த்தார். என் தட்டைப் பல்லுக்குச் சரியாகப் பொருந்துகிறது. கொடுக்கும்போது, "அன்னிக்கு அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்கோ" என்றார்.

பசி எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். அம்மா எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுதான் பெரிய தொல்லை.

அக்கா, நீ ஹாஸ்டலுக்கு வந்த அன்றைக்கு என்ன நடந்தது? வெள்ளையாக ஏதோ விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அம்மாவைக் கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறாள். எழுது.

ஆகஸ்டில் ஒரு கேள்வி கேட்டேன். அதற்கும் எழுது.

வாலு


ஜனவரி 9

என் கண்ணு வாலுவுக்கு,

சுகம்தான். ஒரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா உன் வாயையே பார்த்தால் பார்க்கட்டும், விடு.

உன் கேள்விக்கு ஒழுங்காக, நடந்தபடியே எழுதுகிறேன். அந்த நவம்பர் கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. உறையின்மேல் இருந்த முத்து முத்தான எழுத்தைப் பார்த்ததுமே மெஷினை நிறுத்திவிட்டேன். சீட்டில் இடுப்பு இருபத்தெட்டு. நிமிர்ந்து பொம்மையைப் பார்த்தேன். அது இருபத்திரண்டில் நின்றது. அதற்குக் கீழே அந்தப் பொம்மை போகாது, அதோடு திருகு முடிகிறது. இருபத்தெட்டுக்குத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. காஜா அக்காவும் சேர்ந்து பிடித்தாள், இரண்டு பேராலும் முடியவில்லை. "சீட்டு பொய் சொல்லுதும்மா, நீ கிளம்பு" என்றாள் அவள். தையல் பிரிக்கிற சின்னக் கத்தி கையில் இருந்தது, அதோடேயே பஸ் ஏறிவிட்டேன்.

ஹாஸ்டலில் வார்டன் அதே பாட்டைப் பாடினார். அவரோடு மாடி வராந்தாவில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு கோட்டு போய்க்கொண்டிருந்தது. முதுகுத் தையலைப் பார்த்ததும் என் கை என்று தெரிந்துவிட்டது. "வாலு" என்று கூப்பிட்டேன். நீ திரும்பினாய். தலை கலையவில்லை, ஒரு சுருக்கம் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாய்.

உன்னை அங்கிருந்த பெஞ்சுப் பக்கம் நிறுத்தி, "கையத் தூக்கு" என்றேன். கடைக்கு அளவு கொடுக்க வந்தவள் மாதிரி மறுபேச்சு இல்லாமல் தூக்கினாய். கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பிரிக்க ஆரம்பித்தேன். முதலில் அக்டோபர். அதற்கு வெளியே செப்டம்பர். அதற்கும் வெளியே ஆகஸ்ட். மூன்று வரிசை, மூன்றும் என் கை. நீ ஒவ்வொரு தடவையும் எனக்கு எழுதிச் சொல்லியிருக்கிறாய் வாலு, நம்பர் போட்டுச் சொல்லியிருக்கிறாய். நான் ஒவ்வொரு தடவையும் அதை யாருக்கும் தெரியாத மாதிரி உள்ளே பிடித்துத் தைத்து, சுவடே தெரியவில்லை என்று பீற்றிக்கொண்டு, திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன்னை மறைத்து வைத்தது நான்தான்.

கடைசி நூலை இழுத்ததும் கோட்டு விரிந்து கீழே இறங்கியது. உள்ளே நீ எங்கே இருக்கிறாய் என்று தேட வேண்டியிருந்தது. வார்டன் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, இது எப்ப இப்படி ஆச்சு?" என்றார். எங்கிருந்தோ கண்ணாடி ஓடிவந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ குனிந்து கோட்டைப் பார்த்தாய். பிறகு, "அக்கா, பெருசா இருக்கு" என்றாய். உன் குரல். அதுவரை பேசியது உன் குரல் இல்லை. "புடிச்சுக் குடு" என்றாய். மாட்டேன் என்றேன். அப்புறம்தான் நீ அழுதாய்.

இனி ஆகஸ்ட் கேள்வி. கணக்கு வரவில்லை, அதனால் காலேஜை விட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய். இரண்டாம் வருஷம் நான் போகாத வகுப்பில் நான் பதில் சொன்னதாக ஒருத்தி வந்து பாராட்டினாள். அந்த வருஷத்து நோட்டுகளை அம்மா பீரோவில் அடித்தட்டில் வைத்திருக்கிறாள், வேண்டுமானால் எடுத்துப் பார். என் கையெழுத்து அப்போது அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு நாள் பெட்டிகூட எடுக்காமல் ஓடி வந்துவிட்டேன், யாரிடமும் ஏன் என்று சொல்லவில்லை. உன் கோட்டுக்குள் இருந்தாளே, அவளை எனக்குத் தெரியும் வாலு. நீ செப்டம்பரில் எழுதியபோதே தெரியும். உன்னைக் கேட்டால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதனால் அளவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் விட்டுவிட்டு வந்ததை நீ முடித்துவிட்டால் எனக்கும் சேர்த்து முடிந்துவிடும் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொள் என்று எழுதியதும் நானேதான்.

இனி அளவு அனுப்ப வேண்டாம். கோட்டு பிரித்தபடியே இங்கே என் கொக்கியில் தொங்குகிறது. பொம்மை இருபத்திரண்டில் இறுகிக் கிடக்கிறது. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா


பிப்ரவரி 16

வாலுவுக்கு,

நீ சுகம்தானே?

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமாக இருக்கலாம், இருக்க வேண்டியதுதான். அம்மா போனில் "இருக்கா, நடக்கறா, ஜன்னல்கிட்ட உக்காந்து ஏதோ எழுதறா, கிழிக்கறா" என்கிறாள். என்ன எழுத்து, எப்படிப்பட்ட கையெழுத்து என்று கேட்க வாய் வரை வந்தது. அம்மாவிடம் எப்படிக் கேட்பது? தினமும் தபால்காரர் சைக்கிளை நிறுத்தும்போது நான் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறேன். உறைமேல் மறுபடியும் முத்து முத்தாக என் விலாசம் இருந்துவிடுமோ என்றுதான்.

இன்றைக்குக் காலை கடையைத் திறந்தேன். காஜா அக்கா இன்னும் வரவில்லை. பொம்மையை மூடியிருந்த துணி தரையில் கிடந்தது. பக்கத்தில் போக மனசு வரவில்லை, வாசலிலேயே கொஞ்சம் நின்றேன். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். திருகு இரண்டு சுற்று வெளியே வந்திருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தும் அசையாத திருகு. இருபத்து நாலு.

நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. யாரிடமாவது சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பார்கள், அதனால் உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

பி.கு. கடிதத்தை மடிக்கும்போது தபால்காரர் வந்துவிட்டுப் போனார். உன் உறை. பிரிக்காமல் மேஜைமேல் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பிரித்தேன். கடிதம் இல்லை, ஒரு சீட்டுதான். இடுப்பு 24, பிடிக்காதே என்று இருக்கிறது. கோழி கிளறி வைத்திருக்கிறது. நாலாவது தடவை படித்தும் ‘பிடிக்காதே’யில் பாதி எழுத்து எனக்குப் புரியவில்லை. நான் சத்தமாக அழுதுகொண்டிருக்கும்போது காஜா அக்கா உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள். "என்ன வாலு, சாப்பிட்டியா?" என்றாள்.